டார்லீன் வாயில் ஒரு கூழைக்கடா

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த நிலங்களில் பன்னிரண்டு வருஷமாகச் சிப்பாய்களின் சட்டைப் பொத்தான் தோண்டுகிறவள் டார்லீன். வடக்குப் படையின் கழுகுப் பொத்தான்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. தெற்குப் படையின் லூசியானாக்காரர்கள் அணிந்த, கூழைக்கடாப் பறவை பொறித்த பொத்தான் மட்டும் வர்ஜீனியா முழுக்க அலைந்தும் கைக்கு வரவில்லை. இன்று எல்வுட் ஐயாவின் மேய்ச்சல் நிலத்தில், உலோகம் தேடும் டிடெக்டர் கீச்சிட்ட இடத்தில், ஒரு சாண் ஆழத்தில் அது கிடைத்துவிட்டது! பச்சை பூத்த பித்தளையில் தாய்ப்பறவை குஞ்சுகள்மேல் சிறகை விரித்திருந்தது. ஐம்பத்தெட்டு வயதை மறந்து மண்வெட்டியைக் கட்டிப்பிடித்து ஆடினாள் டார்லீன். கூட வந்த சிநேகிதி மேவிஸ் ஊரே கேட்கக் கூவினாள்.

கூவியதுதான் தப்பு. எல்வுட் ஐயா ட்ராக்டரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அவர் நிலத்தில் தோண்ட ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கிடைத்ததில் பிடித்த ஒன்றை அவர் எடுத்துக்கொள்வார். நல்லதாக ஒன்று கிடந்தால் அந்தக் கிழவர் கண்ணுக்குத் தப்பாது.

"மறைடி, வர்றாரு!"

டார்லீன் பொத்தானை லபக்கென்று வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டாள். மாடுகள் நடமாடும் மண் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"என்னம்மா டார்லீன், வேட்டை எப்படி?" என்றபடி இறங்கினார் எல்வுட்.

"ம்ம்."

"அவளுக்குப் பல்வலி ஐயா" என்று முந்திக்கொண்டாள் மேவிஸ்.

"அட, முன்னாடியே சொல்றதில்ல? குறடு வண்டியிலதான் இருக்கு. எங்க, ஆ காட்டு."

டார்லீன் தலையைப் பலமாக ஆட்டினாள்.

"பயப்படாதம்மா. போன வருஷம் என் மச்சானுக்கு நான்தான் புடுங்கினேன். தப்பான பல்லுதான். ஆனா ஒரு சத்தம் போடலையே! எப்படிப் போடுவான், மயங்கிட்டான்!"

மேவிஸ் களுக்கென்றாள். டார்லீன் மூச்சை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு வெடித்தது. பொத்தான் பறந்துபோய் எல்வுட் ஐயாவின் பூட்ஸ்மேல் விழுந்தது.

அவர் குனிந்து எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். டார்லீனுக்கு வெட்கத்தில் காது எரிந்தது.

"திருட்டுப் புத்தி, மன்னிச்சிருங்க ஐயா. உங்க நிலம். எடுத்துக்கோங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நம்ம பேச்சு என்ன? என் மண்ணுல கிடைச்சதுல ஒண்ணு எனக்கு. சரிதானே?"

"சரிதான் ஐயா."

"இது நான் பார்க்க உன் வாயிலதானே கிடைச்சுது! கழுவிட்டு நீயே வச்சுக்க."

எல்வுட் ஐயா அவள் பையைத் துழாவி, அன்று தோண்டியதில் ஒரு ஈயத் துப்பாக்கிக் குண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் நிமிர்வதற்குள் டார்லீன் பாய்ந்து கட்டிப்பிடித்து, மண் அப்பிய வாயோடு அவர் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள்.