சீமெந்து மூட்டைகள்

எழுபத்தேழில் தேர்தல் நெருங்கியபோது, ஆட்சி மாறினால் எழுபதில் நடந்ததுபோல நோட்டுகள் செல்லாமல் போய்விடும் என்று கல்முனைச் சந்தையெங்கும் கதை அடிபட்டது. மகள் நபீலாவின் கலியாணத்துக்குச் சீதன வீடு கட்டவென்று புடவை விற்றுச் சேர்த்த காசை நோட்டாக வைத்திருக்க முனவ்வறா பயந்தாள். அலைந்து திரிந்து அவ்வளவுக்கும் சீமெந்து வாங்கி, அறைக்குள் வெறுந்தரையில் அடுக்கினாள்.

ஆட்சி மாறியது. நோட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்து வந்த இனக்கலவரத்தாலும் மாரி மழையாலும் வீட்டு வேலை தள்ளிப்போனது. மழை விட்டதும் பாண்டிருப்பிலிருந்து மேசன் தேவராசா வந்தார். மேல்மூட்டையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மண்வெட்டியால் தட்டினார். கல்லில் பட்டதுபோல ஓசை எழுந்தது.

"ராத்தா, இது இறுகிட்டுது."

"மத்ததுகளையும் பாருங்க தம்பி."

ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் அதே ஓசைதான்.

"கீழ பலகை போடல்லையா?"

"இல்ல தம்பி. ஆட்சி மாறுறதுக்குத்தான் பயந்தன். மழைய நினைக்கல்ல."

அன்று அஸர் தொழுதுவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே நடந்துபோய், கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டாள். அவர்கள் ஓமென்று சொன்னதுகூட அவள் காதில் சரியாக விழவில்லை.