காற்று விடும் சுங்கான்

அந்தத் தெருவில் துணி காய்வதற்கு வெயில் தேவையில்லாமல் போனது, சுங்கான்காரி ஒரு வேர்க்கட்டையில் துளை போட்ட செவ்வாய்க்கிழமையிலிருந்துதான். அன்று தக்காளி விலை இறங்கியிருந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை, கட்டையிலிருந்து காற்று வந்தது. எழுத்தில் சுங்கான் என்றும் பேச்சில் பைப் என்றும் சொல்லப்படுகிற, புகையிலை அடைத்துப் பிடிக்கிற அந்தப் பொருளை அவள் குடும்பம் கையாலேயே செய்துவந்தது. அதற்கு அவர்கள் பிரையரைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள். பிரையர் என்பது பெரிய மரமெல்லாம் இல்லை. பாறைச் சரிவுகளில் வளர்கிற ஒரு புதர். மண்ணுக்கடியில் அதன் வேர் உருண்டு திரண்டு மனிதத் தலை பருமனுக்கு ஒரு முடிச்சாகிவிடும். தோண்டி, அறுத்து, வேகவைத்து, நிழலில் வருஷக்கணக்கில் உலரவிட்ட அந்த முடிச்சு நெருப்புக்குக்கூட லேசில் மசியாது.

சுங்கான்காரி கட்டையைக் கடைசல் எந்திரத்தில் இறுக்கி, முதலில் மேலிருந்து புகையிலைக் கிண்ணத்தைக் குடைந்தாள். பிறகு காம்புப் பக்கத்திலிருந்து, புகை வரும் வழிக்காக, மெல்லிய துளை ஒன்றை உள்ளே விட்டாள். அந்தத் துளை கிண்ணத்தின் அடியில் மிகச் சரியாகப் போய்ச் சேரவேண்டும்; மயிரிழை மேலே ஏறினாலும் கட்டை விறகுதான். டிரில்லின் முனை அடியைத் தொட்டதும் பட்டறை மேசையில் கிடந்த மரத்தூள் மொத்தமும் எழுந்து எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் எந்திரத்தை நிறுத்தினாள். காற்று நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், அப்போதும் நிற்கவில்லை. கட்டையைக் கழற்றிக் கையில் எடுத்தபோது அது இரண்டு துளைகள் வழியாகவும் அவள் முகத்தில் குளுகுளுவென்று ஊதியது. ஒரு துளையை விரலால் அடைத்தால் மற்றது இரண்டு மடங்காக ஊதியது.

அடுத்த அறையில் கறுப்பு ரப்பரில் வாய்த்துண்டு இழைத்துக்கொண்டிருந்த கணவன் குரல் கொடுத்தான்.

"ஃபேனா போட்ட? இங்க எல்லாம் பறக்குது."

"ஃபேன் ரிப்பேருக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு. இங்க வந்து இதுல கையை வெச்சுப் பாருங்க."

அவன் வந்து கையை வைத்தான், காதை வைத்தான், கடைசியில் மூக்கை வைத்தான். மழை நின்ற பாறையின் வாசனை வந்தது. "ரெண்டு பக்கமும் வருதே" என்றான், ஏதோ தொழில்முறைச் சந்தேகம் போல. அதன்பிறகு சிரிக்கத் தொடங்கியவன் சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தவில்லை. சாப்பிடும்போதும் புரையேறியது.

செய்தி அன்று மாலைக்குள் தெருமுனை தாண்டிப் போய்விட்டது. முதலில் எதிர்வீட்டுக்காரி ஈரத்துணி வாளியோடு வந்தாள். பட்டறை வாசலில் கொடி கட்டிக் கட்டையை எதிரே வைத்ததும் போர்வைகூட அப்பளம் போலக் காய்ந்தது. முடிதிருத்துபவர் துண்டுகளைக் கொண்டுவந்தார். பட்டம் வைத்திருந்த பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடப் பையோடு வந்து வரிசையில் நின்றார்கள். காற்றில் சில நாள் காய்ந்த இலை வந்தது, ஒருமுறை ஒரு தேனீ வந்தது. தேனீ கொஞ்சநேரம் பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே போயிற்று. சுங்கான்களை வாங்கிச் சேர்ப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த மீசைக்காரர் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து டாக்சி பிடித்து வந்து, இதைப் பிடித்துப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். புகையிலையை அடைத்துப் பற்றவைத்தார். அடுத்த நொடி புகையிலை கூரையில் இருந்தது, ஒரு பொறி அவர் மீசையில் இருந்தது. கணவன் குடத்துத் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தான். மீசைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, கட்டைக்கு எதிரே நின்று தலையைக் காயவைத்துக்கொண்டு, மிக்க சந்தோஷம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடி அறைக்கு இந்தக் கூச்சலெல்லாம் கேட்டது. அங்கே சுங்கான்காரியின் அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தான். ஒருகாலத்தில் அந்தப் பட்டறையில் மெருகு வேலை முழுக்க அவனுடையது. உப்புத்தாளால் அவன் தேய்த்த சுங்கானில் மரத்தின் ரேகைகள் கிண்ணத்தைச் சுற்றித் தீக்கொழுந்து போல நேராக மேலேறும். தேய்த்துத் தேய்த்து அந்தச் சிவந்த தூசியில் பாதியை அவன் நுரையீரலே வாங்கிக்கொண்டது. டாக்டரம்மா இனிப் பட்டறைப் படியை மிதிக்கவே கூடாது என்று சொல்லி, அவனை மாடிக்கு ஏற்றிவிட்டார். அவனுக்கு மூச்சு இரண்டு வார்த்தைக்குத்தான் வந்தது. "தண்ணி குடு", "ஜன்னல் திற" என்கிற அளவில் அவன் பேச்சு நின்றுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. தங்கையின் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவனுக்குப் பிடித்த காரியம். குற்றம் சொல்ல இரண்டு வார்த்தை போதாததால் அதுவும் நின்றுபோயிருந்தது. அது தங்கைக்குப் பெரிய குறை.

கட்டையை மாடிக்குக் கொண்டுபோகலாம் என்று முதலில் தோன்றியது அண்ணிக்குத்தான். ஊரே துணி காயவைத்துக்கொண்டிருந்தபோது அவள் இடுப்பில் கைவைத்து நடுவாசலில் நின்று, "துண்டு நாளைக்குக் காயும். அதை இப்படிக் குடுங்க" என்று கட்டையைப் பிடுங்கிக்கொண்டு படியேறினாள். பின்னாலேயே தங்கை, அவள் பின்னால் கணவன், அவன் பின்னால் சவரக்கத்தியைக் கையிலேயே வைத்திருந்த முடிதிருத்துபவர். அண்ணி கட்டையின் காம்புத் துளையை அண்ணனின் உதட்டில் பொருத்தினாள். காற்று தானாகவே உள்ளே போனது. குறுகிக் கிடந்த மார்பு அத்தனை பேர் கண்ணெதிரே ஒரு குடை போல விரிந்தது. உதட்டு நீலம் கலைந்தது. அவன் கட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிறகு நடுவில் எங்கும் நிற்காமல் பேசினான்.

"ஏண்டி, கிண்ணத்தை இந்தப் பக்கமா சாய்ச்சுக் குடைஞ்சிருக்கியே, அந்தச் சுவர் அட்டை மாதிரி மெலிசா நிக்குதே, விளிம்புல விரிசல் விட்டிருக்கே, இதெல்லாம் உன் கண்ணுல படவே இல்லையா, இல்ல அப்பா கத்துக்குடுத்ததெல்லாம் அவரோடவே போயிடுச்சா?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "இன்னும் திட்டு அண்ணா" என்றாள். அவன் திட்டினான். சாயங்காலம் வரை திட்டினான். அண்ணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வானொலி கேட்பவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் வந்த டாக்டரம்மா அவன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், பிறகு கட்டையின் மேலும் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் நல்லா இருக்கு. இதையே தொடருங்க" என்று சொல்லிவிட்டு மாத்திரைகளில் ஒன்றைக் குறைத்தார்.

ஆனால் விரிசல் வளர்ந்தது. ஒவ்வொரு காலையும் அது விளிம்பிலிருந்து இன்னும் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. காற்று உள்ளேயிருந்து தள்ளத் தள்ள, மெலிந்த சுவர் நெளிந்து கொடுத்தது. காம்பு வரை விரிசல் போய்விட்டால் கட்டை இரண்டாகப் பிளக்கும், மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும். ஒரே வழி, தடித்த பக்கத்தைச் செதுக்கி, சுற்றிலும் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவந்து, ரேகை போகிற போக்கில் வடிவம் கொடுத்து, ஒழுங்கான சுங்கானாக முடிப்பது. கை தவறினால் அவள் சீவி எறிவது அண்ணனின் மூச்சை. சுங்கான்காரி அதை நினைத்துக்கொண்டே மேசைக்கு வருவாள். அரத்தை எடுப்பாள், திரும்ப வைப்பாள். இப்படியே ஒரு வாரம் ஓடியது. கடைசியில் அண்ணனே படியிறங்கி வந்தான், கட்டையை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. பட்டறை மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மார்பு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு, பேசுவதற்கு மட்டும் கட்டையை உதட்டிலிருந்து விலக்கினான்.

"செதுக்கு."

"உனக்குத் தூசி ஆகாதுன்னு தெரியும்ல? வாயிலேர்ந்து எடுத்தா மூச்சு நிக்கும், எடுக்கலேன்னா நான் எப்படிச் செதுக்குறது?"

"எடுக்க வேணாம். வாயில இருக்கறப்பவே செதுக்கு. காத்து உன் பக்கம் வருதுல்ல? தூசியும் உன் பக்கம்தான் வரும். நீ துணியைக் கட்டிக்கோ."

அப்படித்தான் அந்தச் சுங்கான் செதுக்கப்பட்டது. மேசையின் இடுக்கியில் கட்டை. இந்தப் பக்கம் காம்புத் துளையில் உதடு வைத்துக் குனிந்திருந்த அண்ணன். அந்தப் பக்கம் மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிய தங்கை. அவள் அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பாள், சிவந்த தூள் எழும், கிண்ணத்திலிருந்து வரும் காற்று அதை அப்படியே அவள்மேல் வாரி அடிக்கும். கொஞ்சநேரத்தில் அவள் புருவம், தலைமுடி, சேலை எல்லாம் செங்கல் நிறமாகிவிட்டன. அண்ணன் முகத்தில் ஒரு துகள் இல்லை. அவனால் பேச முடியாததால் புருவத்தால் வேலை சொன்னான்: இடது புருவம் என்றால் இடப்பக்கம் இன்னும் சீவு, இரண்டும் ஏறினால் நிறுத்து. ஜன்னல்களில் தெருவே அடைத்துக்கொண்டு நின்றது. சுவர் மெலிய மெலியக் காற்றின் வேகம் கூடியது. அலமாரியிலிருந்த மெழுகு டப்பாக்கள் உருண்டன. கணவன் மேசையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

விரிசல் காம்புக்கு ஒரு விரலளவு மேலே வந்துவிட்டபோது அரம் வழுக்கியது. கிண்ணத்தின் அடிப்பக்கம், மரத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்னக் கல்லை அது தட்டிவிட்டது. வேர் வளரும்போது மண்ணிலிருந்து விழுங்கிய கல். அது தோட்டா போலப் பறந்து போய் ஜன்னல் கண்ணாடியில் தெறித்தது. கல் இருந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு துளை. அதிலிருந்து காற்று வீல் என்று சீறியது. ஜன்னலில் நின்றவர்கள் எல்லாரும் ஒன்றாக "ஐயோ" என்றார்கள். சுங்கான்காரி அரத்தைப் போட்டுவிட்டு மெழுகை உருட்டித் துளையில் வைத்தாள்; காற்று அதைத் துப்பியது. மரத்தூளும் பசையும் குழைத்து வைத்தாள், அதையும் துப்பியது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கட்டை படபடவென்று நடுங்கியது, விரிசல் நகர்கிற சத்தம் நெல் பொரிவது போலக் காதுக்கே கேட்டது.

அண்ணன் அவள் கையைத் தட்டிவிட்டான். உதட்டை எடுத்து, சேமித்து வைத்திருந்த மூச்சில், "மூடாத, பாரு" என்றான். அவ்வளவுதான் முடிந்தது. திரும்ப வாயைப் பொருத்திக்கொண்டான். அவள் பார்த்தாள். சீறல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மெல்லிய விசில் சத்தமாகி நின்றது. கட்டையின் நடுக்கம் அடங்கியது. மிச்சக் காற்றுக்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டதால் உள்ளேயிருந்து தள்ளுவது நின்றுபோயிற்று. விரிசல் இருந்த இடத்திலேயே நின்றது. அவள் அதன்மேல் அரத்தை வைத்து, ரேகையோடு ரேகையாகச் சீவிக்கொண்டே போனாள். பாதிக்குமேல் சீவலோடு போனது, மீதி கறுப்பு ரேகை ஒன்றாகத் தங்கிவிட்டது. அண்ணனின் இரண்டு புருவங்களும் ஏறின. நிறுத்தினாள்.

அன்றைக்கு அந்தத் தெரு போட்ட சத்தத்தில் இரண்டு தெரு தள்ளியிருந்தவர்கள் தீ விபத்து என்று நினைத்து வாளிகளோடு ஓடிவந்தார்கள். கணவன் அதற்கென்று ஒரு வாய்த்துண்டை வளைத்துப் பொருத்தினான், அண்ணன் தன் கையாலேயே உப்புத்தாள் பிடித்து மெருகேற்றினான், அண்ணி மெழுகு பூசித் துணியால் தேய்த்தாள். மறுநாளே அவன் சுங்கானை வாயில் கவ்விக்கொண்டு பட்டறையில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். தூசி அவனை நெருங்கவில்லை. தங்கை நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி திட்டு வாங்கினாள். வேலையும் முன்னைவிட நன்றாக வந்தது. விசில் சத்தம் வந்தால் அண்ணன் வருகிறான் என்று தெருவுக்குத் தெரிந்தது. சாலையோரத்தில் பொரி விற்பவர்கள் அவன் கடந்து போகும்வரை பொரியைக் கையால் மூடிக்கொள்ளப் பழகிக்கொண்டார்கள்.

சில வருஷங்கள் கழித்து, கட்டைகளைத் தானே பார்த்துப் பொறுக்க வேண்டும் என்று அவன் தங்கையோடு மரக்கிடங்குக்குப் பஸ்ஸில் போனான். கோடைக்காலம், நிற்க இடமில்லாத கூட்டம். கண்டக்டர் நெரித்துக்கொண்டு வந்து அவனைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏங்க, போர்டு கண்ணுக்குத் தெரியலையா? பஸ்ல பைப் பிடிக்கக் கூடாது. அணைங்க."

"புகை இல்லப்பா, காத்து" என்றாள் தங்கை. "கிட்ட வந்து பாரு."

கண்டக்டர் குனிந்தார். அவர் தலைமுடி முழுவதும் பின்பக்கம் படிந்தது, சட்டைக் காலர் படபடத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றார். பின்னாலிருந்து யாரோ டிக்கெட் டிக்கெட் என்று கத்தியதும்தான் நிமிர்ந்தார்.

"அப்ப சரி. அப்படியே டிரைவர் பக்கம் கொஞ்சம் திரும்பி உக்காருங்க" என்றார், இருவருக்கும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே. "காலையிலேர்ந்து மனுஷன் அங்க வெந்துக்கிட்டு இருக்காரு."