ரப்பர் தரை

வார்டு சபையில் பகவதி திரையில் படத்தைப் போட்டதுமே குற்றாலலிங்கம் எழுந்தார். பழவங்காடி வியாபாரிகள் சங்கச் செயலாளர் அவர். கடைத்தெருவுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் மாநகராட்சி மனையைக் கார் நிறுத்துமிடமாக்க மல்லுக்கு நிற்பவர். ஆர்க்கிடெக்டான பகவதி அதே மனையில் குழந்தைகளுக்குப் பூங்கா வரைந்திருந்தாள். தெருப் பிள்ளைகள் ஆட்டோக்களுக்கு நடுவே பந்து பொறுக்குவதைப் பார்த்து, கூலியில்லாமல் வரைந்தது. இன்று கை தூக்கினால் முடிந்தது. பெண்கள் ஓட்டு மொத்தமும் அவள் பக்கம்.

"படம் ஜோரா இருக்கு பிள்ளே," என்றார் குற்றாலலிங்கம், திரையைக் காட்டி. "சறுக்குமரத்துக்குக் கீழ என்ன, பச்சையா?"

"ரப்பர் தரை. விழுந்தா அடிபடாது. ஸ்பான்சர் கம்பெனி தருது."

"கொள்ளாம், நல்லதுதான். அப்போ ஆற்றுகால் பொங்காலைக்கு இவங்க அடுப்பு எங்க கூட்டுவாங்க? ரப்பர் மேலயா?"

ஊரே தெருவில் பொங்கலிடும் அந்த நாளில், இந்தத் தெருப் பெண்களின் அடுப்புகள் எரிவது அந்த மனையில்தான். போன வருஷம் பகவதியும் அங்கே பொங்கியிருந்தாள். படம் வரையும்போது எப்படி மறந்தது?

தையல்கடை ஜெயஷீலா எழுந்தாள். "என் பக்கத்துலதானே அடுப்பு வச்சே? செங்கல்லு கூட நான் தந்ததுதான். மறந்துட்டே, அல்லே?"

பகவதி திரையிலிருந்த பச்சைத் தரையைப் பார்த்தாள்.

"கார் பார்க்குன்னா அன்னைக்கு வண்டிய எடுத்துட்டுத் தருவோம்," என்று தேன் தடவினார் குற்றாலலிங்கம். பெண்கள் பக்கம் தலைகள் ஆடின.

பகவதி லேப்டாப்பை அறைந்து மூடினாள். "ரப்பர் வேண்டாம். மணல் போடலாம். அடுப்பும் எரியும், பிள்ளைங்களும் விளையாடும்."

முன்வரிசையிலிருந்த ஸ்பான்சர் கம்பெனி ஸ்வப்னா பையைத் தோளில் மாட்டினாள். "எங்க தரை இல்லெங்கில் ஊஞ்சலும் இல்லா, சறுக்குமரமும் இல்லா. அதல்லே மேடம் எக்ரிமென்ட்?"

"வெறும் மணலுக்கா கை தூக்கப் போறீங்க?" குற்றாலலிங்கம் சிரித்தார்.

"ஆமா, வெறும் மணலுக்குத்தான்," என்றாள் பகவதி.

ஜெயஷீலா குற்றாலலிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டிய எடுப்பாராம். என் கடைவாசல்ல நிக்குத அவரு ஸ்கூட்டர நீக்கச் சொன்னாலே நாய விரட்டுத மாதிரி விரட்டுவாரு." அவள் கை உயர்ந்தது. பின்னால் ஒவ்வொன்றாகப் பெண்களின் கைகள். கவுன்சிலர் இரண்டு தடவை எண்ணிவிட்டு, பூங்கா என்றார்.

ஸ்வப்னா அதற்குள் ஊஞ்சலோடு போய்விட்டிருந்தாள்.

குற்றாலலிங்கம் பகவதியை வாசலில் வழிமறித்தார். "ஊஞ்சல் இல்லாத பார்க்குக்கு எந்தப் பிள்ளை வரும்? புல்லு முளைக்கட்டும், வந்து மனைய எடுத்துக்கிடுதேன்."

"வாங்க அண்ணாச்சி. வண்டிய வெளிய விட்டுட்டு வாங்க."

நன்றி சொல்லத் திரும்பியவளை ஜெயஷீலா கண்ணாலேயே நிறுத்தினாள். "உனக்காகத் தூக்கல. மணல் சீக்கிரம் வரணும். இல்லேன்னா அடுத்த கை அவருக்குத்தான்."