வெள்ளைக் கசகசா

வெயில் இருக்கிறது. சூடு இல்லை. மார்ச் மாதத்து அயோவா வெயில் இப்படித்தான். அறுத்த மக்காச்சோளக் கட்டைகளுக்கு நடுவே பழைய பனி அழுக்காய்க் கிடக்கிறது.

அந்த வெயிலில் ஒரு சிவப்பு வண்டி. சர்ச்சுக்குப் பக்கவாட்டில். அதை ஒட்டி எங்கள் வண்டி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

சிவப்பு வண்டி டார்லீனுடையது.

டார்லீனுக்கு அறுபது வயது இருக்கும். முன்பல் ஒன்று கிடையாது. ஒரு காலத்தில் மாத்திரைக்கு அடிமையாகி மீண்டவள். இப்போது மீள வருகிறவர்களை சர்ச்சின் கீழ்த்தளத்தில் உட்காரவைத்துப் பேசவைக்கிறாள். அவள் அழகைப் பார்த்தா பொறாமைப்படுகிறேன்? கேட்டால் நானே சிரிப்பேன்.

என் வீட்டுக்காரர் அவளிடம் பேசுகிறார். அதுதான். அதுதான் எனக்கு ஆகவில்லை.

பனியில் வழுக்கி விழுந்தார். முதுகு போயிற்று. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. அப்புறம் டாக்டர் கொடுக்காத மாத்திரைகளும் வந்தன. காலுறைக்குள் இருக்கும். அரிசி டப்பாவுக்குள் இருக்கும்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். திருமங்கலத்தில் தாலி கட்டிய நாளிலிருந்து எனக்குக் கிடைத்த பதில் அந்த ஒண்ணுமில்லதான்.

எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு எல்லாம். அவருடைய அம்மா செத்ததற்குப் போக முடியாமல் போனது. ராத்திரியில் வருகிற பயம். வெட்கம். எல்லாம் இங்கிலீஷில், காகிதக் கோப்பைக் காப்பியோடு. தமிழில் ஒரு சொல் கிடையாது.

நான் இன்றுவரை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பழனிக்குமார். எழுதவே கை கூசுகிறது. அவளோ வாய் நிறைய "பால், பால்" என்கிறாள். என்ன பால்? பசும்பாலா, எருமைப்பாலா?

சரி. அவளிடம் இல்லாதது என்னிடம் என்ன இருக்கிறது? யோசித்தேன். கைப்பக்குவம் இருக்கிறது.

கோழிக் குருமா வைத்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டுக் குருமா. தேங்காய், சோம்பு, கசகசா. முந்திரி தீர்ந்துபோயிருந்தது. குழம்பு கெட்டியாக வேண்டுமே என்று கசகசாவை அள்ளிப் போட்டு, ஊறவைத்து, மைய அரைத்தேன்.

சாப்பிட்டார். மறுநாளும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இப்பிடிச் சாப்ட்டு எம்புட்டு நாளாச்சு ராணி" என்றார். அன்றைக்கு டார்லீன் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மழை. பனியைக் கரைக்கிற மழை. மாத்திரைப் பழக்கத்தை விடவைக்கிற சிகிச்சை நிலையத்தில் அவருக்குச் சிறுநீர்ச் சோதனை.

அபின் வகை இருக்கிறது என்று வந்தது.

ஏற்கெனவே ஒரு தடவை தவறியவர் அவர். மறுபடியும் என்றால் இடம் போகும், அங்கே கொடுக்கிற மருந்து நிற்கும். மருந்து நின்றால் பழைய மாத்திரை. பழைய மாத்திரை என்றால் என்ன என்று இந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே சவப்பெட்டி போயிருக்கிறது.

"நான் எடுக்கல ராணி" என்றார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

சூடு கண்ட பூனை நான். அவர் மாடியில் போய்ப் படுத்ததும் தேட ஆரம்பித்தேன். சட்டைப்பை, காலுறை, அரிசி டப்பா, காரின் இருக்கைக்கு அடியில். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் கோபம்தான் கூடியது. மனுஷன் நன்றாக ஒளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

மறுநாள் காலையில், அவர் மாடியில் அசந்து தூங்கும்போது, கதவு தட்டும் சத்தம். மழையில் நனைந்துகொண்டு டார்லீன். என் வாசலில். முதல் தடவையாக.

பால் எடுக்கவில்லை என்றாள். எப்படித் தெரியும் என்றேன். அவன் சொன்னான் என்றாள்.

சொன்னாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் அள்ளி வீசினேன். எடுத்தார். பொய் சொல்கிறார். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நான் பெண்டாட்டி.

அவள் கோபப்படவில்லை. வீட்டில் பாப்பி சீட் ஏதாவது உண்டா என்று கேட்டாள். கேக்கில், ரொட்டியில் போடுவார்கள், கறுப்புக் கறுப்பாய்ச் சின்ன விதை, அதைத் தின்றாலும் சோதனையில் அபின் என்று காட்டும் என்றாள். அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது என்று கதவைச் சாத்தினேன். நிஜமாகவே கிடையாது என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் சாமான்களை அடுக்கும்போது கசகசா பாக்கெட் கையில் வந்தது. இந்தியக் கடைப் பாக்கெட். பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷ். ஒயிட் பாப்பி சீட்ஸ்.

கறுப்பு என்றாளே. நம்முடையது வெள்ளை. குருமாவுக்கும் பாயசத்துக்கும் ஊரே அரைக்கிற சாமான். அது அபின் செடியின் விதை என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சரி, தெரிந்துவிட்டது. உடனே மாடிக்கு ஓடினேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. பாக்கெட்டைத் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

வாயைத் திறக்காவிட்டால் போதும். நிலையம் இல்லை. சர்ச் இல்லை. சிவப்பு வண்டி இல்லை. மனுஷன் எனக்கு மட்டும். சுருண்டு கிடந்தாலும் எனக்கு மட்டும். அப்படியும் நினைத்தேன். என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

மழை விட்டது. சன்னல் வழியே கொஞ்சம் வெளிச்சம். அவர் இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?" என்றேன். ஒண்ணுமில்ல என்பார் என்று காத்திருந்தேன்.

"எனக்கே சந்தேகமா இருக்கு ராணி. தூக்கத்துல எடுத்துருப்பேனோ? எடுத்ததே மறந்துபோச்சோ? மெஷினு பொய் சொல்லுமா? பயமா இருக்குடி."

தமிழில். என்னிடம். இத்தனை வருடமாய் நான் ஏங்கிய பேச்சு. கடைசியில் வந்தது, இப்படி வந்தது. ஐயோ, மனுஷன் தன்னையே நம்பாமல் போய்விட்டாரே. அதைச் செய்தவள் நான்.

துவரம்பருப்பு டப்பா உருண்டு விழுந்தது. எடுக்க நிற்கவில்லை. பாக்கெட்டை அவர் கையில் வைத்தேன்.

"நீங்க எடுக்கலைங்க. நான்தான் அரைச்சேன்."

படித்தார். திருப்பிப் படித்தார். பாக்கெட்டை மார்போடு வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் போனை எடுத்தார். யாருக்கு என்று கேட்கவும் வேண்டுமா?

ஸ்பீக்கரில் போட்டார். குருமாவைச் சொன்னார், கசகசாவைச் சொன்னார். நாளைக்குப் பாக்கெட்டோடு வா, சிறுநீரைப் பெரிய லேபுக்கு அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்லலாம் என்றாள் அவள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என் மனைவிதான் முதலிலிருந்தே என்னை நம்பினாள். நேற்று முழுக்க வீடெல்லாம் தேடினாள் டார்லீன். நான் எடுக்கவில்லை என்று காட்டத்தான் தேடியிருக்கிறாள்" என்றார், இங்கிலீஷில்.

காலையில் வாசலில் நான் கத்தினதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு.

"ஆமாம் பால்" என்றாள் டார்லீன். "காலையில் உனக்காக என்னிடம் சண்டையே போட்டாள்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாவி. இதிலும் என்னை முந்திக்கொண்டாள்.