வலது மூலை

பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கிறவருக்குக் 'கட்டம்' என்று பட்டப்பேர். கல்யாண அழைப்பிதழை நீட்டினால்கூட, ஓரம் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுத்தான் தேதியைப் பார்க்கிற ஆள். அக்கா வீட்டுக்குப் போனாலும், சுவரில் தொங்கும் அவள் மறைந்த கணவர் படத்தை நேராக்குவதுதான் முதல் வேலை. அக்கா எப்படியிருக்கிறாள் என்பது அப்புறம்.

சாலையை அகலப்படுத்த இடிக்கப்போகும் வீடுகளின் பட்டியலை நகராட்சி வெளியிட்டது. ஆட்சேபனை சொல்லப் பதினைந்தே நாள். பட்டியல் முழுக்க வெறும் மனை எண்கள், யாருக்குப் புரியும்? கட்டம் அதை முழுப்பக்க வரைபடமாக்கினார். இடிபடும் வீடெல்லாம் சிவப்பு. எந்த நிறம் எதற்கு என்று சொல்லும் பெட்டிக்குத்தான் இடமில்லை.

"வலது மூலையில வைங்களேன்," என்றார் செய்தி ஆசிரியர்.

"அங்க ஏழெட்டு வீடு இருக்கு சார்."

"ஏழெட்டுதானே? பக்கத்துல நெரிசல் கூடாதுன்னு நீங்கதானே பாடம் எடுப்பீங்க!"

பெட்டி அந்தச் சிவப்பு வீடுகள் மேல் உட்கார்ந்தது. அதற்கு ஒரு மெல்லிய நிழலும் போட்டார். பக்கம் லட்சணமாக வந்துவிட்டது. அந்த வீடுகள் யாருடையவை என்று பெரிதாக்கிப் பார்க்க மனுஷனுக்குத் தோன்றவில்லை. அவர் கண்ணுக்கு அது ஒரு மூலை, அவ்வளவுதான்.

சிவப்பில் தங்கள் வீட்டைக் கண்டவர்கள் மனுவோடு ஓடினார்கள். அக்கா போன் செய்தாள்.

"கண்ணாடி போட்டு ரெண்டு தடவை தேடிட்டேன்டா. நம்ம வீடு சிவப்புல இல்ல. வயித்துல பாலை வார்த்தே!"

"பக்கம் நல்லா வந்திருக்குல்லக்கா?"

பதினாறாம் நாள் அவள் சுவரில் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். மனு கொடுத்தவர்களை அதிகாரி உட்காரவைத்து விசாரித்தார். அக்காவிடம், "இத்தனை நாள் என்னம்மா பண்ணீங்க?" என்றார். அவள் பத்திரிகையை நீட்டினாள். அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அன்றே தம்பி வீட்டுக்கு வந்தாள். "என் வீட்டு மேல என்னடா வெச்சே?"

"திருத்தம் போட்டுடறோம்க்கா."

போட்டார்கள்தான். உள்பக்கத்தில் நாலு வரி, சுற்றிலும் அழகான கட்டம்.

இப்போது அக்கா தம்பி வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். கணவர் படத்தை அவளே ஆணியடித்து மாட்டினாள், நன்றாகவே கோணல். கட்டம் தினமும் அதைக் கடந்துதான் குளிக்கப் போகிறார். ஒருநாள் கை தானாக உயர்ந்தது.

"தொடாதே," என்றாள் அக்கா.