சாமுண்டீஸ்வரி கூப்பிட்டால் வரும் காக்கைகள்

“பச்ச எரியுது பாரு, பூங்காவனம்! பச்ச!”

புருஷன் சம்பத் கூடத்திலிருந்து கத்தினான். சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூங்காவனம் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கூடத்துச் சுவரில் அருகருகே இரண்டு பல்புகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. மேலே மொட்டை மாடியில் இரண்டு தகரத் தட்டுகள். காக்கை எந்தத் தட்டில் உட்காருகிறதோ அதற்கான பல்பு கீழே எரியும். சிவப்பு பூங்காவனத்தின் தட்டு. பச்சை சாமுண்டீஸ்வரி டீச்சருடைய தட்டு.

“செவப்பு எரியலியா?”

“செவப்பு எங்க எரியப் போவுது? அது எரிஞ்சி ரொம்ப நாளாச்சி” என்றான் சம்பத். அதைச் சொல்லும்போது அவன் குரலில் அத்தனை சந்தோஷம்.

சம்பத் மேனாம்பேட்டில் நிலம் நீச்சோடு இருந்த குடும்பத்துப் பிள்ளை. எழும்பூரில் சித்திரக் கல்லூரியில் படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் விளம்பரப் படம் எழுதிச் சம்பளம் வாங்கினான். எழுபத்துமூன்றாம் வருஷம் திடீரென்று தூரிகையைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, மூர்மார்க்கெட்டில் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான்.

“காக்காவ எழுதுனா அது காக்கா படம். காக்கா மனசுல இன்னா ஓடுதுன்னு காட்டணும். ஜனங்க இருட்டு ரூம்ல குந்திகினு இருப்பாங்க. காக்காவே கண்ணுல படாது. பல்பு மட்டும் எரிஞ்சி எரிஞ்சி அணையும். அதான் சித்திரம்.”

“காக்காவே இல்லாத காக்கா சித்திரமா? ஷோக்கா கீது” என்று அன்றைக்கு அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றது டீச்சர் வந்த பிறகுதான்.

டீச்சர் பட்டணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். பறவைகளுக்கு ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி. ஏதோ ஒரு கண்காட்சியில் சம்பத்தைச் சந்தித்தாளாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயிலில் அம்பத்தூருக்கு வந்து இறங்குவாள். சம்பத் சைக்கிளோடு ஸ்டேஷனில் நிற்பான். ஏற்றிக்கொண்டு வரமாட்டான், தள்ளிக்கொண்டே பேசியபடி நடந்து வருவான். அதுதான் பூங்காவனத்துக்கு இன்னும் எரிந்தது. சைக்கிளில் ஏற்றிவந்தால் சீக்கிரம் வந்து சேர்வார்களே.

முதல் ஞாயிறு இரண்டு பெண்களையும் மைக் முன்னால் நிற்க வைத்தான்.

“நீ சோறு வைக்கறப்போ எப்புடிக் கூப்புடுவியோ அப்புடியே கூப்புடு.”

பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு, “கா... கா... கா...” என்று நீட்டினாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காக்கைக்கு வைக்காமல் அவள் சாப்பிட்டதில்லை.

“என்ன கணீர்னு இருக்கு அக்கா உங்க குரல்!” என்றாள் டீச்சர். பிறகு அவள் கூப்பிட்டாள். “க்காக்கா-க்கா! க்காக்கா-க்கா!” கடைசியில் ஒரு சின்னத் தூக்கல்.

பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டாள். “காக்காவக் கூப்புடறாங்களா, கதவத் தட்றாங்களா?”

டீச்சரும் சிரித்தாள். சம்பத் சிரிக்கவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ‘க்காக்கா-க்கா’வைத் திரும்பத் திரும்பக் கேட்டான், கண்ணை மூடி. பூங்காவனத்தின் குரலைக் கேட்கும்போது கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். அவள் கவனித்தாள்.

அன்றைக்கே சொன்னான்: “கொஞ்ச நாளைக்கு நீ மாடிக்கு வராத. உன் மூஞ்சியப் பாத்தா காக்கா ஏமாறாது, கணக்கு கெட்டுப்பூடும். காலைல ரெண்டு பிடி சோறு மட்டும் எங்கிட்ட குட்த்துடு.”

“டீச்சரு மாடிக்கு வரலாமா?”

“அவங்க ஆராய்ச்சி பண்ண வந்தவங்கடி.”

அதிலிருந்து அவள் வீட்டு மாடிக்கு அவளுக்குத் தடை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குமேல் இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்கும். மற்ற நாளெல்லாம் மாடி ஒலிபெருக்கியில் அவள் குரலும் டீச்சர் குரலும் மாறி மாறிக் கேட்கும். அம்மி அரைக்கும்போது ஆத்திரத்தில் பூங்காவனமும் டீச்சர் மாதிரியே இழுத்துப் பழித்துக்காட்டுவாள். குழவியைத் தள்ளும்போது ஒரு ‘க்காக்கா’, திருப்பி இழுக்கும்போது ஒரு ‘க்கா’. தேங்காய்ச் சில்லு நசுங்கும்.

மாமனார் தெவசத்துக்கு முதல் நாள் திருநின்றவூரிலிருந்து நாத்தனார் அன்னம்மாளும் அவள் புருஷன் ஜெயராமனும் வந்தார்கள். அன்னம்மாள் வந்ததும் வராததுமாகப் பல்பைப் பார்த்தாள்.

“இன்னாடா தம்பி இது, அம்மன் கோயில் திருவிழாவாட்டம்?”

“காக்கா ஞாபகம்க்கா. செவப்பு பொய்க் கொரலு, பச்ச மெய்க் கொரலு. மெய்க் கொரலு கேட்டா நான் கீழேந்து நூல இழுப்பேன், தட்டுல சோறு வுழும். பொய்க் கொரலு கேட்டு வந்தா ஒண்ணும் கெடைக்காது. மொதல்ல ரெண்டுக்கும் வந்துச்சிங்க. இப்ப பொய்க் கொரலு கேட்டா தலையக்கூட திருப்ப மாட்டேங்குது!”

காப்பி எடுத்துவந்த பூங்காவனம் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“செவப்பு என் தட்டு இல்ல?”

சம்பத் பல்பைப் பார்த்தான்.

“சொல்லுங்க. யாரு கொரலு பொய்?”

“அது... ஒண்ணுக்கு வைக்கணும், ஒண்ணுக்கு வைக்கக்கூடாது பூங்காவனம். அப்பத்தான் ஆராய்ச்சி.”

“தெனம் ரெண்டு பிடி குட்த்தனே. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவங்களுக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

“ரெண்டும் பச்சைக்குத்தான்.”

“நான் வடிச்ச சோறு, அவ கூப்ட்டதுக்கு! யாரு பிரிச்சது இத்த? அந்தம்மாவா?”

“சே, அவங்க காசு சுண்டிப் போடச் சொன்னாங்க. பூவா தலையா பாத்து வைங்கன்னாங்க. நான்தான்...” சம்பத் தலையைச் சொறிந்தான். “வெளி மனுஷி, ஊட்டுக்கு வந்தவங்க. அவங்க கொரலப் போயி பொய்யாக்கறதான்னு ஒரு மாதிரி இருந்துச்சி. நீ நம்ம ஊட்டு ஆளு. ஒன்னிய வச்சா கேப்பாரு யாரு?”

ஜெயராமன் காப்பியைத் தானே எடுத்துக்கொண்டான். “மச்சான், ஒரு காசு சுண்டியிருந்தா இவ்ளோ பேஜாரு இல்ல.”

“நீ கம்முனு இரு” என்றாள் அன்னம்மாள். பிறகு பூங்காவனத்தைப் பார்த்து, “அவ எப்டிடி கூப்புடுவா?” என்றாள்.

பூங்காவனம் இடுப்பில் கைவைத்து, கழுத்தை நீட்டி, “க்காக்கா-க்கா!” என்றாள். அன்னம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூங்காவனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குத் தெவசம். காக்கை எடுத்தால்தான் மாமனார் சாப்பிட்டதாக அர்த்தம். அவர் சாப்பிட்டால்தான் வீடு சாப்பிடலாம்.

மறுநாள் உச்சிக்குப் படையல் முடிந்தது. சோறு, பருப்பு, வாழைக்காய் வறுவல், மசால் வடை, பாயசம். மாமனாருக்குப் பிடித்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஓர் இலையில் எடுத்துக்கொண்டு பூங்காவனம் ரொம்ப நாளுக்குப் பிறகு மாடி ஏறினாள். பின்னால் சம்பத்தும் அன்னம்மாளும். ஜெயராமனுக்கு முட்டி வலி. பல்புக்குக் கீழே பாயில் உட்கார்ந்துகொண்டான்.

“நீங்க போங்க. காக்கா வந்தா இங்கயே தெரிஞ்சிடும் இல்ல?”

பூங்காவனம் இலையை நேராகச் சிவப்புத் தட்டில் வைத்தாள். தண்ணீர் சுற்றிவிட்டாள். “கா... கா... கா...”

தென்னை மட்டையில் ஏழெட்டுக் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்று அலகை மட்டையில் தீட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

“கா... கா... மாமா, வந்து எடுத்துக்குங்க. கா... கா...”

வடையின்மேல் ஈ உட்கார்ந்தது. எஸ்டேட்டில் சங்கு ஊதி ஓய்ந்தது. இரண்டு காக்கைகள் அவள் குரலைக் கேட்டு எழுந்து, மாடியைத் தாண்டி அடுத்த தோப்புக்குப் போய்விட்டன.

“நைனாவுக்கு மனசுல எதனா கொறையா?” அன்னம்மாளின் குரல் இறங்கியது. “தெவசத்தன்னிக்கு எடுக்காம போனதே இல்லியேடா.”

“நைனாவுக்கு இன்னா கொற? கொறை வச்சது உங்க தம்பிதான் அண்ணி. பொய்க்காரி கூப்ட்டா எந்தக் காக்கா வரும்?”

கீழேயிருந்து ஜெயராமன், “ஒண்ணுமே எரியலியே! சாம்பாரு ஆறுது!”

சம்பத் மெதுவாகச் சொன்னான். “டீச்சர் ரீலு மாட்டியேதான் கீது. ஒரு தபா போட்டா...”

“போட்றா, போடு” என்றாள் அன்னம்மாள். “எவ கூப்ட்டா இன்னா, எடுத்தா சரி.”

“வேணாம்.” பூங்காவனம் படிக்கட்டை மறித்து நின்றாள். “எம் மாமனாரு. நான் மருந்து குட்த்தேன், நான் கால் அமுக்கிவுட்டேன். ஏகாம்பரேஸ்வரரே வந்து சொன்னாலும் அவருக்கு வச்ச சோத்துக்கு அவ கூப்புடக் கூடாது.”

“அப்ப யாரு கூப்புடறது? அந்தி வரைக்கும் பட்டினி கெடக்கறதா?” என்றாள் அன்னம்மாள்.

பூங்காவனம் தென்னையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு அவள் தொண்டையிலிருந்து அது வந்தது.

“க்காக்கா-க்கா! க்காக்கா-க்கா!”

அம்மியில் அரைத்து அரைத்துப் பழகிய குரல். அந்தக் கடைசித் தூக்கல்கூடப் பிசகவில்லை.

தென்னை மட்டை ஆடியது. அத்தனையும் ஒரே வீச்சில் இறங்கின. முதலில் பழக்கப்படி பச்சைத் தட்டில். அங்கே ஒன்றுமில்லை. கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்று தாவியது பக்கத்துத் தட்டுக்கு. வடையைக் கவ்வியது.

“மச்சான், பச்ச! பச்ச எரியுது... இல்ல இல்ல, செவப்பு! ரெண்டும் எரியுது மச்சான்!”

அன்னம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். “நைனா...”

சம்பத் பூங்காவனத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கும்போது அவன் முகத்தில் வருமே, அந்த வெளிச்சம். இத்தனை மாதம் அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பொறாமைப்பட்ட முகம். இன்றைக்கு அது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

“அச்சு அசல் டீச்சரு! எப்புடி பூங்காவனம்? காக்கா மூஞ்சிய நம்பல, கொரலத்தான் நம்புது. இரு, மைக் எடுத்துகினு வரேன். இன்னொரு தபா கூப்புடு.”

“எந்தக் கொரல்ல?”

“இதே கொரல்லதான்.”

அவள் இலையில் மிச்சமிருந்த சோற்றை வழித்துச் சிவப்புத் தட்டில் பரப்பினாள். தட்டருகே நின்றுகொண்டு, தன் குரலில், நீட்டி, “கா... கா... கா...” என்றாள்.

காக்கைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழும்பித் தென்னைக்குப் போய்விட்டன.

“ஏண்டி! துன்னுகினு இருந்தத ஏன் வெரட்டுன?”

“வெரட்டல. கூப்ட்டேன்.”

“அது இனிமே வராது. உன் கொரலு கேட்டா...”

“வரலன்னா போவட்டும். இன்னிக்கு எங்கொரலுக்குச் சோறு கீது. நாளைக்கும் இருக்கும். உங்க ரெண்டு பிடிய இனிமே டீச்சர வடிச்சிக் குடுக்கச் சொல்லுங்க.”

“கண்காட்சிக்கு நாள் நெருங்குதுடி...”

“இலையப் போடணும். அண்ணி, வாங்க.”

கீழே ஜெயராமன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். “ரெண்டும் அணஞ்சிப்போச்சே, இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் ஆவலண்ணே. மாமா சாப்ட்டாரு. நீங்க குந்துங்க.”

சம்பத் பல்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சாதத்தைப் பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. அன்னம்மாளும் ஜெயராமனும் வாழைக்காய் வறுவலில் உப்பு கம்மியா சரியா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் ரசக் கிண்ணத்தோடு குனிந்தாள்.

சுவரில் சிவப்பு எரிந்தது.

ஒரே ஒரு தடவை, கண் சிமிட்டுகிற நேரம். அணைந்தது. மறுபடி எரிந்து, அப்படியே நின்றது.

“இன்னா அங்க பாக்கற?” என்றான் சம்பத்.

“ஒண்ணுமில்ல” என்றாள் பூங்காவனம். “ரசம் ஊத்தட்டுமா?”