லட்சத்து ஒன்றாவது விதை

"மொய்க் கவர்ல நூறோட ஏன் ஒத்த ரூவாயச் சேக்காவ?"

ஒரு கல்யாணப் பந்தியில் சிறுமி நாஜியா இப்படிக் கேட்டாள். பக்கத்து இலையிலிருந்த நூற்பாலை முதலாளி ஆவுடையப்பன், "ஒத்தையச் சேத்துட்டா அதை எவனும் வகுக்க முடியாதுட்டி" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தில் இறங்கினார்.

அந்தப் பதில் அவருக்கே பிடித்துப்போனது. பல வருஷம் கழித்து, ராஜபாளையத்துக் கண்மாய்க் கரைகளில் பனை விதை ஊன்ற ஏற்பாடு செய்தபோது வெறும் லட்சம் அவருக்குப் போதவில்லை. லட்சத்து ஒன்று என்றார். குனிந்து ஒரு குழிகூடத் தோண்டாதவர் என்பதால் பேனர் மட்டும் ரொம்பப் பெரிதாக வேண்டியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாஜியாவின் வாப்பா ஹுமாயூன் பிளெக்ஸ் கடை வைத்திருந்தார். முதலாளி அங்கே போனது தெரிந்து வெள்ளத்தாயும் வந்து நின்றாள். சோழபுரத்திலிருந்து வந்து விதை ஊன்றிய பதினோரு பெண்களில் மூத்தவள் அவள்.

"எங்க பேரையும் ஓரமாப் போடச் சொல்லுங்க மொதலாளி. எம்மவன் மிலிட்டரில இருக்கான். படம் பிடிச்சு அனுப்பணும்."

"லட்சத்து ஒண்ணு எதாலயும் வகுபடாத நம்பர், தாயி. நம்பரே பங்கு குடுக்க மாட்டேங்கு. நான் எப்படிக் குடுக்க?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாஜியா சிரித்துவிட்டாள். இப்போது அவள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள்.

"மாமா, நூத்தியொண்ணு வகுபடாது, வாஸ்தவம். ஆயிரத்தொண்ணு ஏழுக்கே விழுந்துரும். பத்தாயிரத்து ஒண்ணை எழுவத்துமூணு வகுத்துரும். உங்க லட்சத்து ஒண்ணு பதினொண்ணால மீதியில்லாம வகுபடும். ஆளுக்கு ஒம்பதாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு."

ஆவுடையப்பன் கால்குலேட்டரைத் தட்டினார். முதல் தடவை அது ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதுபோல் மறுபடியும் தட்டினார். விடை மாறவில்லை.

"நம்பரே பங்கு குடுத்துருச்சே மொதலாளி!" என்றார் ஹுமாயூன்.

"போட்டுத் தொலையும், பதினோரு பேரையும்!"

கடைவாசலில் அவர் செருப்பு மாட்டும்போது வெள்ளத்தாய் அருகில் வந்தாள். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நாங்க ஊனுனது சரியா லட்சம்தான் மொதலாளி. கடைசி வெதைய நீங்க போட்டோவுக்காகக் கையில பிடிச்சிய. பொறவு அதோட கார்ல ஏறிட்டிய. நாங்க யாருட்டயும் சொல்லல, மறந்துருப்பிய. அது இல்லன்னா எங்கள்ல ஒருத்திக்கு ஒண்ணு கொறையும்."

உள்ளே எல்லார் முன்னாலும் அவள் இதைச் சொல்லியிருக்கலாம். அவர் ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய ஏளனத்தில் ஒரு துளிகூட அவள் குரலில் இல்லை.

மறுநாள் விடியலில் டிரைவரை எழுப்பாமல் தானே காரை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனார். சீட்டுக்கடியில் உருண்டு கிடந்த விதையைத் தேடி எடுத்தார். போனைக் காரிலேயே விட்டுவிட்டு, கரையில் முட்டிபோட்டு, கையாலேயே மண்ணைத் தோண்டினார். விதையை வைத்து மூடி, பாட்டில் தண்ணீரை ஊற்றினார்.

வேட்டியில் ஒட்டிய ஈரமண்ணைத் தட்டிவிடாமலே வீடு திரும்பினார்.